சுற்றுலா பாடத்திட்டத்தை மாத்தும்போது டீச்சர்ஸ்கிட்ட கருத்து கேக்குறாங்களே, அதனால நிஜமா ஏதாவது மாறுதா, இல்ல கண்துடைப்பா?

ரெண்டு தடவை கூப்பிட்டாங்க, ரெண்டு தடவையும் போயிருக்கேன், அதனால பதில் சொல்லலாம்னு தோணுது. ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூவுக்கு டூரிஸம் எடுக்குறேன், பதினோரு வருஷமாச்சு. எந்த போர்டு, எந்த ஊரு, கூப்பிட்டது யாருன்னெல்லாம் வேண்டாம், நாளைக்கு அவங்க மூஞ்சியிலதான் முழிக்கணும்.

முதல்ல ஒரு விஷயம் சொல்லிடுறேன், இது தெரியலன்னா மீதி புரியாது. பள்ளிக்கூடத்துல டூரிஸம் எடுக்குற டீச்சர்ல பெரும்பாலானவங்க டூரிஸம் படிச்சவங்க கிடையாது. நான் எம்.ஏ. ஹிஸ்டரி. எனக்குப் பக்கத்து ஸ்கூல்ல எடுக்குறவர் ஜியாக்ரஃபி, இன்னொரு மேடம் காமர்ஸ். புதுசா ஒரு சப்ஜெக்ட் வந்தா யாருக்கு பீரியட் கம்மியா இருக்கோ அவங்க தலையில கட்டுறதுதான் வழக்கம், எனக்கும் அப்படித்தான் வந்துச்சு. ஆறு மாசம் திட்டிக்கிட்டே எடுத்தேன், அப்புறம் பிடிச்சுப்போச்சு, அது வேற கதை.

முதல் தடவை கூப்பிட்டது ஒரு ஹோட்டல் கான்ஃபரன்ஸ் ஹால்ல. காலைல பத்து மணிக்கு மீட்டிங், போய் உக்காந்தப்புறம்தான் டிராஃப்டையே கையில குடுக்குறாங்க, நாப்பது பக்கத்துக்கு மேல இருக்கும். மூணு காலம், அதாவது மூணு பத்தியா பிரிச்ச அட்டவணை, முதல்ல இப்ப இருக்குறது, அடுத்து மாத்தப்போறது, கடைசியில 'ஆசிரியர் கருத்து'. அந்தக் கடைசி காலத்தோட அகலம் ரெண்டு விரல்கடை. நான் விரல வச்சே பாத்தேன். 'சரி', 'வேண்டாம்' இந்த ரெண்ட விட பெருசா எந்த வார்த்தையும் அதுல அடங்காது. மத்தியானம் ஒரு மணிக்கு சாப்பாடு, மூணு மணிக்கு குரூப் ஃபோட்டோ.

அந்த மூணு மணி நேரத்துல நாங்க என்ன செஞ்சோம்னா, பழசாப் போனதையெல்லாம் தேடித்தேடி சொன்னோம். புக்குல ஜெட் ஏர்வேஸ் இன்னும் பறந்துட்டு இருக்கு, அது 2019 ஏப்ரல்லயே நின்னுபோச்சு. ஏர் இந்தியா அரசு கம்பெனின்னு போட்டிருக்கு, 2022 ஜனவரியில டாடாகிட்ட போயாச்சு. டூருக்கு செலவு போடுற காஸ்டிங் கணக்குல சர்வீஸ் டாக்ஸ்னு இருக்கு, 2017 ஜூலையில இருந்து ஜிஎஸ்டி. தாமஸ் குக் 1841ல லெஸ்டர்ல இருந்து லஃப்பரோவுக்கு ரயில்ல ஆள கூட்டிட்டுப் போனார்ங்கறதுல ஆரம்பிச்சு ரெண்டு பக்கம் கதை இருக்கு, ஆனா அந்த பிரிட்டிஷ் கம்பெனி 2019 செப்டம்பர்ல திவாலானதப் பத்தி ஒரு வரி இல்ல (நம்ம ஊர்ல அதே பேர்ல இருக்குறது தனி கம்பெனி, அதுக்கு ஒண்ணும் ஆகல, இதையும் பசங்க வருஷா வருஷம் கேப்பாங்க). இதையெல்லாம் எழுதிக்கிட்டாங்க, ரொம்ப நன்றின்னாங்க, அடுத்த வருஷமே திருத்தியும் விட்டாங்க, அதுல குறையே சொல்ல முடியாது.

ஆனா யோசிச்சுப் பாருங்க, இது ப்ரூஃப் பாக்குற வேலை. நியூஸ் படிக்கிற யாரு வேணா செய்யலாம், இதுக்கு முப்பது டீச்சர ஸ்கூல்ல லீவு போட வச்சு வரவழைக்க வேண்டியதே இல்ல. கிளாஸ்ல நிக்கிறவங்களுக்கு மட்டும் தெரிஞ்சது வேற, அத யாரும் கேக்கவே இல்ல, கேக்காததால நாங்களும் பெருசா சொல்லல, சாப்பாடு நல்லா இருந்துச்சுன்னு பேசிக்கிட்டே பஸ் ஏறிட்டோம்.

அப்படி என்ன பெருசா எங்களுக்கு மட்டும் தெரியும்னு கேப்பீங்க. ஒரு உதாரணம் சொல்றேன். ப்ராக்டிகல்ல ஐட்டினரி, அதாவது பயணத் திட்டம், போடச் சொல்லுவோம், ரெண்டு நாள், நாலு பேர் குடும்பம், சென்னையில கிளம்பி மாமல்லபுரம், அப்புறம் தஞ்சாவூர். ஒரு பொண்ணு அவ்ளோ அழகா போட்டிருந்தா, கலர் பென்சில்ல மேப்பு, கிலோமீட்டர், டோல் கேட், டிஃபனுக்கு எங்க நிறுத்தணும், நபருக்கு எவ்ளோ ஆகும், எல்லாம். தஞ்சாவூர் பெரிய கோயிலுக்கு நேரம் மத்தியானம் ஒரு மணி. நான் கேட்டேன், 'ஏம்மா, ஒரு மணிக்கு நடை சாத்தியிருக்குமே?' அவ என்னையே பாக்குறா. பன்னெண்டரைக்கு சாத்தி சாயங்காலம் நாலு மணிக்குத்தான் திறப்பாங்க, வெயில் நேரத்துல அந்தக் கல்லுல செருப்பு இல்லாம கால் வைக்கவும் முடியாது. புக்குல அது யுனெஸ்கோ லிஸ்ட்ல சேந்த வருஷம் 1987, கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் 2004ல சேந்துச்சு, எல்லாம் இருக்கு. அத ஒரு மார்க்குக்கு ஒப்பிச்சிடுவா. நடை சாத்துற நேரம் ஒரு இடத்துலயும் இல்ல. அதே மாதிரி தாஜ் மஹால் வெள்ளிக்கிழமை லீவுங்கறதும் இல்ல. வெள்ளிக்கிழமை ஆக்ராவுல ஒரு குடும்பத்த கொண்டுபோய் இறக்கி விடுறவன் எவ்ளோ கஷ்டப்பட்டு பேக்கேஜ் போட்டாலும் அவனுக்கு வேலை நிக்காது.

ரெண்டாவது தடவை கூப்பிட்டப்போ இத சொல்லணும்னு முடிவு பண்ணிட்டுத்தான் போனேன். அந்தத் தடவை நடத்துனவர் கொஞ்சம் விவரமான ஆளு, ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர், முன்னாடி இதே மாதிரி நிறைய மீட்டிங்ல எங்கள மாதிரி இந்தப் பக்கம் உக்காந்து கடுப்பானவர்னு நினைக்கிறேன். டிராஃப்ட மூணு வாரம் முன்னாடியே அனுப்பிட்டார். வந்தவுடனே அதத் திறக்கவே விடல. 'போன வருஷம் கிளாஸ்ல எந்தப் பாடம் சொதப்புச்சு, எந்தப் பாடம் பசங்க தானா பேச ஆரம்பிச்சாங்க, ஆளுக்கொண்ணு சொல்லுங்க, டிராஃப்ட் அப்புறம்'னார். அவ்ளோதான், மூணு மணி நேரம் யாரும் காபிக்குக் கூட எந்திரிக்கல.

நீலகிரியில இருந்து வந்த ஒரு சார் சொன்னத இன்னும் மறக்கல. கேரியிங் கெப்பாசிட்டின்னு ஒரு தலைப்பு இருக்கு, ஒரு இடம் எத்தன பேரத் தாங்கும்ங்கறது, எங்களுக்கெல்லாம் அது ஒரு டெஃபனிஷன், நாலு மார்க். அவருக்கு அப்படி இல்ல. 2024 மே 7ல இருந்து ஹைகோர்ட் உத்தரவுல ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்துச்சுல்ல, மறு வருஷ சீசன்ல நீலகிரிக்கு வார நாள்ல 6000 வண்டி, சனி ஞாயிறுல 8000ன்னு கணக்கே போட்டாங்க. அவர் கிளாஸ்ல பாதிப் பேர் வீட்ல டாக்ஸி, காட்டேஜ், இல்லன்னா சாக்லேட் கடை. ஒரு பையன் எந்திரிச்சு, 'சார், எங்க அப்பா வண்டி டிஎன் 43, லோக்கல் நம்பர், எங்களுக்கு பாஸே வேணாம், ஆனா ஏறுறதுக்கு டூரிஸ்ட் வரணும்ல?'ன்னு கேட்டானாம். இன்னொரு பொண்ணு உடனே, 'எங்க தெருவுல மே மாசம் தண்ணி லாரியே மேல ஏற முடியாம நிக்கும், நீ உன் டாக்ஸியப் பத்தி பேசுற'ன்னு சண்டைக்கு வந்துட்டாளாம். சார் சொன்னார், 'நான் அன்னைக்கு பாடமே எடுக்கல மேடம், ஓரமா நின்னேன், ரெண்டு பீரியட் ஓடிருச்சு. ஆனா எக்ஸாம்ல கேக்குறது இன்னும் டெஃபனிஷன்தான்.'

இது டிராஃப்டோட மூணாவது காலத்துல எழுதுற விஷயமா சொல்லுங்க?

சண்டையும் நடந்துச்சு. ஏர்போர்ட் கோடு வேணுமா வேணாமான்னு. சென்னைக்கு எம்ஏஏ, மதுரைக்கு ஐஎக்ஸ்எம், கோயம்புத்தூருக்கு சிஜேபி, திருச்சிக்கு டிஆர்இசட், இந்த மாதிரி ஒரு நூறு இருக்கும். டிராவல் கம்பெனியில இருந்து வந்த தம்பி, 'இதெல்லாம் ஸ்க்ரீன்லயே வருது மேடம், யாரும் மனப்பாடம் பண்றதில்ல, தூக்கிடுங்க'ன்னார். அவர் சொன்னதுல பாதி சரி, டிக்கெட் சிஸ்டத்தோட கமாண்ட் எல்லாம் கம்ப்யூட்டரே இல்லாத ஸ்கூல்ல போர்டுல எழுதிப்போட்டு நடத்துறது அநியாயம். ஆனா கோடு விஷயத்துல நான் ஒத்துக்கல. மார்க் கம்மியா எடுக்குற பசங்க இந்த சப்ஜெக்ட்ல முதல்ல ஜெயிக்கிற இடம் அதுதான். கடைசி பெஞ்சுல ஒருத்தன், வெளிநாட்டுல இருக்குற மாமா கொண்டு வந்த பெட்டியில ஒட்டுன டேக்க கிழிச்சு எடுத்துட்டு வந்து, 'மிஸ், டிஎக்ஸ்பி, துபாய், எம்ஏஏ, நம்ம மெட்ராஸ்'னு காட்டுனான் பாருங்க, அந்த வருஷம் முழுக்க அவன் லீவே போடல. கடைசியில நூறுல இருந்து முப்பதாக்கி வச்சுக்கலாம்னு முடிவாச்சு.

டிஜிட்டல் மார்க்கெட்டிங்னு ஒரு யூனிட் புதுசா வந்துச்சு, அதப் பத்தி சொல்ல ஒண்ணும் இல்ல, எல்லா சப்ஜெக்ட்லயும் வருது, இதுலயும் வந்துச்சு.

இப்ப உங்க கேள்விக்கு வரேன், என்ன மாறுச்சு? நடை சாத்துற விஷயம் உள்ள வந்துச்சு. ப்ராக்டிகல் பகுதியில ஒரே ஒரு வரி, ஐட்டினரியில ஒவ்வொரு இடத்தோட திறக்குற நேரமும் விடுமுறை நாளும் குறிக்கணும்னு. அதப் படிச்சப்போ எனக்கு சிரிப்பும் வந்துச்சு, கொஞ்சம் கண்ணும் கலங்குச்சு, சும்மா சொல்லக்கூடாது. நீலகிரி சார் சொன்னது வரல, கேரியிங் கெப்பாசிட்டி இன்னும் டெஃபனிஷன்தான். பீரியட் கணக்கும் வரல. அந்தக் கணக்கு என்னன்னா, டிராஃப்ட்ல வருஷத்துக்கு 200 மணி நேரம் வேணும்னு போட்டிருக்காங்க. எனக்கு வாரத்துக்கு 6 பீரியட், பீரியடுக்கு 40 நிமிஷம், அதுல ஸ்போர்ட்ஸ் டே, ஆண்டு விழா, மழை லீவு, ரிவிஷன் டெஸ்ட், கணக்கு சார் கெஞ்சி வாங்கிட்டுப் போறது எல்லாம் கழிச்சா கையில நிக்கிறது 120 பீரியட். அதாவது 80 மணி நேரம். இத ரெண்டு மீட்டிங்லயும் சொன்னேன், ரெண்டு தடவையும் தலைய ஆட்டிக்கிட்டாங்க. ஏன் வந்தது வந்துச்சு, வராதது ஏன் வரலன்னு இதுவரைக்கும் யாரும் ஒரு மெயில் கூட போடல, எனக்கு இதுல இருக்குற பெரிய கோவமே அதுதான். நிராகரிக்கட்டும், தப்பில்ல, காரணத்த சொல்லிட்டு நிராகரிக்கலாம்ல.

வேற இடத்துல ஒழுங்கா நடந்திருக்கான்னு கேட்டா, தென்னாப்பிரிக்காவப் பாருங்க. அங்க டூரிஸம் சின்ன சப்ஜெக்ட் இல்ல, பன்னெண்டாவது பரீட்சையில லட்சம் பேருக்கு மேல எழுதுற சப்ஜெக்ட். 2009ல அங்க கல்வி மந்திரி ஏஞ்சி மொட்செக்கா எல்லா பாடத்திட்டமும் கிளாஸ்ல எப்படி நடக்குதுன்னு பாக்க ஒரு குழு போட்டாங்க, அவங்க மாகாணம் மாகாணமா போய் டீச்சர்ஸையும் சங்கங்களையும் கேட்டாங்க. பாடம் கஷ்டம்ங்கறத விட பேப்பர் வேலை கொல்லுதுங்கற புலம்பல்தான் பெருசா வந்துச்சு, ஒரே பாடத்துக்கு மூணு வகை டாக்குமென்ட், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி ஃபைல். ரிப்போர்ட் வந்த கையோட, 2010 ஜனவரியில இருந்து அந்த தனி ஃபைல் முறைய எடுத்துட்டாங்க, ப்ராஜெக்ட்ட குறைச்சாங்க. அப்புறம் பாடத்துக்கு ஒரே டாக்குமென்ட்னு கொண்டு வந்து 2012ல பத்தாவதுல ஆரம்பிச்சு 2014ல பன்னெண்டாவது வரைக்கும் போனாங்க. டூரிஸத்துக்கும் அந்த ஒரே டாக்குமென்ட்தான், அதுல வாரத்துக்கு 4 மணி நேரம்னு போட்டு, எந்த டெர்ம்ல என்ன நடத்தணும்னும் இருக்கு. அதுக்கப்புறம் டீச்சர் கையக் கட்டிப்போட்டாங்கன்னு அங்கயும் திட்டுறவங்க உண்டு, நியாயமாவும் இருக்கு. ஆனா என்ன கேட்டாங்களோ அது மாறுச்சு, சில மாசத்துலயே மாறுச்சு.

நம்ம ஊர்ல அவ்ளோ வேகமா மாறி நான் பாத்தது ஒண்ணே ஒண்ணுதான். 2019ல கஸ்தூரிரங்கன் குழுவோட தேசிய கல்விக் கொள்கை வரைவு மே 31 வெளிய வந்துச்சு, அதுல இந்தி கட்டாயம்ங்கற மாதிரி இருந்த வரிய ஜூன் 3க்குள்ள மாத்துனாங்க. அது எதிர்ப்பு கிளம்பி வந்த மாத்தம், டீச்சர்ஸ் ஃபார்ம் நிரப்பி வந்தது இல்லன்னு எல்லாருக்கும் தெரியும். எங்க 80 மணி நேரத்துக்கு யாரு ரோட்டுக்கு வரப்போறா.

அதனால கண்துடைப்பான்னா, முழுசா இல்ல. கூப்பிடுறவர் என்ன கேக்குறார்ங்கறதப் பொறுத்து இருக்கு. அப்புறம் எப்ப கேக்குறாங்கங்கறதும் இருக்கு, ஃபிப்ரவரியில ப்ராக்டிகல் எக்ஸாமுக்கு ரெக்கார்ட் நோட்ல கையெழுத்து போட்டுக்கிட்டு இருக்கும்போது கேட்டா எவ்ளோ நல்ல டீச்சரும் 'சரி, சரி, சரி'ன்னு டிக் அடிச்சுத்தான் அனுப்புவாங்க. நீங்க இத கேக்குறத பாத்தா உங்களையும் எதுக்கோ கூப்பிட்டிருக்காங்கன்னு நினைக்கிறேன், போங்க, ஆனா வாயால மட்டும் சொல்லாதீங்க, உங்க பசங்க போட்ட ஐட்டினரி, எழுதுன தப்பு, அந்த நோட்டையே எடுத்துட்டுப் போய் டேபிள்ல வைங்க. நடை சாத்துன கதை உள்ள போனதுக்குக் காரணம் நான் அந்தப் பொண்ணோட நோட்ட கொண்டு போயிருந்தேன், ஒரு மணி நேரம் அது கை மாறிக்கிட்டே இருந்துச்சு. பீரியட் கணக்குக்கு என்கிட்ட காட்ட ஒண்ணும் இல்ல, வாயால சொன்னேன், காத்தோட போயிருச்சு.

போன வாரம் மூணாவது தடவையா ஒரு ஃபார்ம் வந்திருக்கு, இந்தத் தடவை மீட்டிங் கூட இல்ல, ஃபோன்லயே நிரப்பணும், பன்னெண்டு கேள்வி, எல்லாத்துக்கும் ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் மார்க் போடணும், கடைசியில ஒரு கருத்துப் பெட்டி, 300 எழுத்துக்குள்ள. ஞாயித்துக்கிழமை கடைசி நாள். டைம்டேபிள ஃபோட்டோ எடுத்து வச்சிருக்கேன், போகாத பீரியடெல்லாம் சிவப்புல சுழிச்சு. அட்டாச் பண்ண வழி இருக்கான்னுதான் தேடிக்கிட்டு இருக்கேன்.