எலும்பு முறிந்து, அறுவைச் சிகிச்சையில் பின்காலில் தகடு வைத்த நாயை கொழும்பு வெள்ளவத்தையில் மாடி வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

வெள்ளவத்தையில் மாடி வீடு என்கிறீர்கள், அப்படியென்றால் முதலில் கவனிக்க வேண்டியது டைல்ஸ் தரைதான். சறுக்கி விழுந்தால் தகடே அசையலாம். பழைய பாய், சாக்கு, கிடைத்ததை விரியுங்கள். வெளியே கூட்டிப்போகும்போது நீளத் துவாய் ஒன்றை அடிவயிற்றுக்குக் கீழே கொடுத்து, இரு நுனியையும் மேலே சேர்த்துப் பிடித்து, பின்பாரத்தை நீங்கள் தாங்குங்கள். படி வேண்டவே வேண்டாம். லிஃப்ட் இல்லையென்றால் தூக்கித்தான் இறக்க வேண்டும். இரண்டாம் வாரமே ஓடப் பார்க்கும், விடாதீர்கள். எலும்பு பொருந்தப் பொதுவாக 6 முதல் 8 வாரமாவது எடுக்கும். தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டும் கூம்பைப் பாவம் என்று கழற்ற வேண்டாம். வலிக்கிறதே என்று நாம் போடும் பனடோல், இபுபுரோஃபென் கொடுத்துவிடாதீர்கள், அது நஞ்சாகிவிடும். அப்புறம், தையல் சிவந்து கசிந்தாலோ, ஊன்றத் தொடங்கிய காலைத் திடீரென்று தூக்கினாலோ அன்றைக்கே வைத்தியரிடம் காட்டுங்கள்.