மிளகாய்த்தூள் 'தரம் குறைந்தது' என்று அறிக்கை வந்தால்...

கேள்வி: மிளகாய்த்தூள் அரைத்து பாக்கெட் போட்டு விற்கிறேன். உணவு பாதுகாப்பு அலுவலர் எடுத்துப்போன மாதிரி 'தரம் குறைந்தது' என்று மாவட்ட நியமன அலுவலரிடமிருந்து அறிக்கை வந்திருக்கிறது. தப்பை ஒத்துக்கொண்டு கடிதம் கொடுத்தால் அபராதம் குறையும் என்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். முதலில் அறிக்கை வந்த தபால் உறையைப் பத்திரப்படுத்துங்கள்; அது கைக்கு வந்த தேதிக்கு அதுதான் சான்று. அறிக்கை உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் நியமன அலுவலரிடமே படிவம் 8-ல் மேல்முறையீடு செய்யலாம் (2006 உணவு பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின் பிரிவு 46(4)). அபராத நோட்டீஸ் வரட்டும், அங்கே பேசிக்கொள்ளலாம் என்று பலரும் இந்தக் கெடுவைத் தவறவிடுகிறார்கள். பிறகு அறிக்கையை அசைப்பது கடினம். முந்திக்கொண்டு ஒப்புதல் கடிதம் கொடுத்துவிட்டால் மேல்முறையீட்டுக்கே அர்த்தமில்லாமல் போகும்.

அடுத்து, எந்த அளவீட்டில் தோற்றிருக்கிறீர்கள் என்று பாருங்கள். மிளகாய்த்தூளில் ஈரப்பதம் 11 சதவீதத்தையும் அமிலத்தில் கரையாத சாம்பல் 1.3 சதவீதத்தையும் தாண்டக் கூடாது. சாம்பல் கூடினால் பெரும்பாலும் மண்தான் காரணம். வத்தலைத் தரையில் காயப்போட்டிருப்பார்கள். ஈரம் கூடியிருந்தால், மாதிரியை எடுத்தபோதும் அனுப்பியபோதும் பொட்டலம் காற்றுப் புகாமல் கட்டப்பட்டிருந்ததா என்பது நியாயமான கேள்வி. அனுமதியில்லாத சாயம் என்று இருந்தால் கதையே வேறு: 'பாதுகாப்பற்ற உணவு' என்று குற்றவியல் நீதிமன்றம் வரை போகலாம். அன்றே வழக்கறிஞரைப் பாருங்கள்.

மாதிரி எடுத்த தேதி, முத்திரை, குறியீட்டு எண் எல்லாம் உங்களிடம் உள்ள நகலோடு பொருந்துகின்றனவா என்றும் சரிபாருங்கள். மாதிரியைச் சோதிக்கும் உணவுப் பகுப்பாய்வாளர், அது கிடைத்த 14 நாளில் அறிக்கை தர வேண்டும். தாமதமானால் குறிப்பிடுங்கள், அது ஒன்றையே நம்பி நிற்காதீர்கள்.

மேல்முறையீட்டில் 'எங்கள் பொருள் சுத்தமானது' என்று எழுதிப் பயனில்லை. மாதிரியை மேல் ஆய்வகத்துக்கு (மறு சோதனை செய்து கருத்துச் சொல்லும் ஆய்வகம்) அனுப்புவதா என்பது நியமன அலுவலர் முடிவு. அவரை நம்பவைக்கக் காகிதம் வேண்டும். அதே பேட்ச்சில் நீங்கள் எடுத்துவைத்த பாக்கெட்டை என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகார ஆய்வகத்தில் சோதித்த முடிவு, வத்தல் வாங்கிய பில், அரைத்த நாள் பதிவேடு ஆகியவற்றை இணையுங்கள். தூளாகவே வாங்கிப் பொட்டலமிட்டவரானால், பொருளின் தரத்துக்கு விற்றவர் எழுதித் தந்த படிவம் 'இ' உத்தரவாதத்தையும் சேருங்கள்.

மேல்முறையீடு தோற்றால் வழக்கு, அபராதத்தை முடிவு செய்யும் மாவட்ட வருவாய் அலுவலரிடம் போகும். பிரிவு 51-ன் கீழ் அபராதம் 5 லட்சம் ரூபாய் வரை. இது உச்சவரம்புதான். பிரிவு 49-ன்படி எவ்வளவு லாபம், யாருக்குப் பாதிப்பு, முதல் முறையா, தெரிந்தே செய்ததா என்று பார்த்துத்தான் தொகை முடிவாகும். வத்தல் சலிக்கும் சல்லடையை மாற்றிய பில், சந்தையிலிருந்து அந்த பேட்ச்சைத் திரும்பப் பெற்ற ரசீது போன்றவற்றை அங்கே காட்டுங்கள். தப்பை ஒத்துக்கொள்ளும் கடிதத்துக்கும் அங்கேதான் இடம். உத்தரவு ஏற்கும்படி இல்லையென்றால் 30 நாளில் உணவு பாதுகாப்பு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் செல்லலாம்.

அடுத்த முறை மாதிரி எடுக்க வந்தால், மாதிரியைப் பிரிக்கும் நான்கு பங்கில் ஒன்றை உங்கள் செலவில் அங்கீகார ஆய்வகத்துக்கு அனுப்பும்படி அங்கேயே எழுதிக் கொடுங்கள். இரு முடிவுகளும் முரண்பட்டால் மேல் ஆய்வகத்துக்கு அனுப்பியே ஆக வேண்டும். அதன் முடிவே இறுதி.