காவடிக் குழுவை விட்டு ஏன் ஓடுகிறார்கள்?

மொரீஷியஸ் ரோஸ்ஹில் ஊர் அண்ணா, தைப்பூசத்துக்கு இன்னும் ஒரு வாரம்தான், உங்கள் கோயில் வாட்ஸ்அப் குழுவிலிருந்து பதினொரு பேர் கிளம்பிவிட்டார்கள், "நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன்?" என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

என் முதல் சந்தேகம் புயல் மேல்தான். பூசம் வருவதே மொரீஷியஸின் புயல் காலத்தில். வானிலை நிலையம் இரண்டாம் வகுப்பு எச்சரிக்கை விட்டால் போதும், அதே அறிவிப்பை மாமா, மாமாவின் சம்பந்தி, போர்ட் லூயியில் வேலை பார்க்கும் மருமகன் என்று ஆளாளுக்கு அனுப்புவார்கள். மூன்றாம் வகுப்பு வந்தால் மறுபடி ஒரு சுற்று. மரம் சாய்வதற்கு முன் போன் மெமரி சாய்ந்துவிடும்.

அடுத்தது விரதம். நாள்கணக்கில் கவுச்சி தொடாதவர் கண்ணில் ஞாயிற்றுக்கிழமை மதியம் யாரோ பிரியாணிப் படத்தைக் காட்டியிருப்பார்கள். பாவம், வேறென்ன செய்வார்?

ஆனால் பெரும்பாலோர் போன நேரத்தைப் பாருங்கள். "பூசத்தன்று வாழையிலையில் போடும் ஏழு கறிக்குக் காய் வெட்ட யார் வருகிறீர்கள்?" என்று நீங்கள் கேட்டதற்குப் பிறகுதானே?

2022 முதல் யார் விலகினாலும் அட்மினுக்கு மட்டும்தான் அறிவிப்பு வரும். அதனால் மனம் நோவது உங்களுக்குத்தான், மற்றவர்கள் கவனித்திருக்கவே மாட்டார்கள். அட்மின் மட்டும் பதிவிடலாம் என்று செட்டிங்கை மாற்றுங்கள், அரட்டைக்குத் தனிக் குழு வையுங்கள். போனவர்களை இழுத்துச் சேர்க்காதீர்கள். வாழையிலை போடும்போது தானாக வந்து உட்காருவார்கள்.