பதில்: அம்மாவுடன் ‘சம்மர் வார்ஸ்’ பார்க்கலாமா?

இணையமே தெரியாத அம்மாவுக்கு ‘சம்மர் வார்ஸ்’ (2009) என்ற ஜப்பானிய அனிமேஷன் படம் புரியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் புரியும், தயங்காமல் போடுங்கள். படத்தில் வரும் ஓஸ் என்பது கடை, அலுவலகம், போக்குவரத்து எல்லாம் இணைந்த கணினி உலகம், அதை ஒரு செயற்கை நுண்ணறிவு நிரல் பிடித்துக்கொள்கிறது என்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்புறம் கதையில் வரும் பெரிய குடும்பத்தின் தலைவி சகாயே பாட்டி பார்த்துக்கொள்வார். ஊரே ஸ்தம்பித்துக் கிடக்கும்போது, எண்ணைச் சுழற்றும் பழைய போனில் சொந்தக்காரர், அதிகாரி என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, அதட்டியும் தைரியம் சொல்லியும் வேலை வாங்குவார். 90 வயதை நெருங்கும் அந்தப் பாட்டியைப் புரிந்துகொள்ள அம்மாவுக்கு எந்த விளக்கமும் தேவைப்படாது. ஹனாஃபுடா என்ற ஜப்பானியச் சீட்டாட்டத்தின் விதிகளையும் விட்டுவிடுங்கள், அதை ஆடும் கொள்ளுப்பேத்தியின் பின்னால் குடும்பமே நிற்பது தெரிந்தால் போதும். ஒன்று, நடுவில் ஒரு மரணம் வருகிறது. வீட்டில் சமீபத்தில் துக்கம் நடந்திருந்தால் கொஞ்ச நாள் தள்ளிப் பாருங்கள்.