பழைய 'ரா' எபிசோடை விமர்சிப்பது எப்படி?

கேள்வி: 1999 ஜனவரி 4 'ரா' மல்யுத்த எபிசோடைப் பற்றி எங்கள் தமிழ்ச் சங்க மலருக்கு எழுதுகிறேன். மேட்ச் மேட்சாக எழுதினால் மளிகைப் பட்டியல் போல வருகிறது. என்ன செய்யலாம்?
- வாசகர், மாட்டுங்கா, மும்பை

பதில்: முதலில் தேதியைக் கவனியுங்கள். ஜனவரி 4 என்பது ஒளிபரப்பான நாள். அமெரிக்காவின் வூஸ்டர் நகரில் படம்பிடித்தது 1998 டிசம்பர் 29. 'நேரலை' என்று எழுதிவிடாதீர்கள். சுவாரஸ்யமே அந்த இடைவெளியில்தான். மல்யுத்த வீரர் மேன்கைண்ட், ராக்கை வீழ்த்திச் சாம்பியன் பட்டம் வெல்லப்போவதை, அதே இரவு போட்டி மல்யுத்த நிகழ்ச்சியான 'நைட்ரோ'வில் வர்ணனையாளர் டோனி ஷியாவோனி நக்கலாகப் போட்டு உடைத்தார். ரேட்டிங்கில் ஜெயித்ததென்னவோ 'ரா'தான். கட்டுரையை இங்கே தொடங்கலாம்.

இரண்டு முறை பாருங்கள். முதல் தடவை பேனாவைத் தொடவே வேண்டாம். அடுத்த முறை மணி அடித்ததிலிருந்து நேரம் குறித்து, கடைசி மேட்சை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். இன்னொரு வீரரான ஆஸ்டினின் நுழைவு இசையில் வரும் கண்ணாடி உடையும் சத்தம் கேட்டதும், அவர் வருவதற்கு முன்பே கூட்டம் எழும்பிவிடும். ராக் மீது ஆஸ்டினின் நாற்காலி அடி. மேன்கைண்டை இழுத்து ராக் மேல் போடுகிறார். தகுதிநீக்கம் இல்லாத மேட்ச் என்பதால், வெளியாள் நாற்காலியால் அடித்தாலும் நடுவர் மூன்று வரை எண்ணி வெற்றி தரலாம். இந்த விதியைச் சொல்லாவிட்டால் புதிய வாசகருக்கு முடிவு அபத்தமாகத் தெரியும்.

மற்ற மேட்சுகளுக்கு ஆளுக்கு ஒரு வரி போதும். நட்சத்திர மதிப்பெண் போட்டால் காரணமும் வேண்டும்: அடிபட்ட காலை வீரர் அடுத்த நிமிடமே மறந்து ஓடினாரா, கூட்டம் எங்கே அடங்கியது? மறுவெளியீடுகளில் நுழைவு இசையை மாற்றுவதுண்டு. எந்தப் பிரதியைப் பார்த்தீர்கள் என்பதையும் குறிப்பிடுங்கள்.