அளவெடுக்கும்போது எல்லார் கண்ணும் கழுத்தில்தான்

அன்புள்ள அம்மாவுக்கு,

திருமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுக்கு. வயது 41. வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். போன வருடம் தை மாதம் கழுத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. மதுரையில் ஊசி வைத்து எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினார்கள். தைராய்டு புற்றுநோய் என்று வந்தது. சுரப்பி முழுவதையும் எடுத்துவிட்டார்கள். இப்போது காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, அவ்வளவுதான்.

வெளியே யாருக்கும் புற்றுநோய் என்று தெரியாது. "தைராய்டு கட்டின்னு மட்டும் சொல்லு, பொம்பளப் பிள்ள இருக்கிற வீடு" என்று மாமியார் சொல்லிவிட்டார். பன்னிரண்டாவது படிக்கும் மகளுக்கும் அதையேதான் சொல்லியிருக்கிறோம்.

தழும்பு கழுத்துக்குக் கீழே குறுக்காக ஓடுகிறது. அளவெடுக்கக் கிட்டே போய் நின்றால் எல்லார் கண்ணும் அங்கேதான். ஒரு அம்மா, "ஏத்தா, கயித்துல கியித்துல தொங்குனியா?" என்று கேட்டேவிட்டார். அன்று ராத்திரி தூக்கமே இல்லை. அதிலிருந்து முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டுதான் தைக்கிறேன், சித்திரை வெயிலிலும்.

கணவர் நல்லவர். நான் அழுதால், "உயிர் பிழைச்சதே பெருசு, இதுக்குப் போய் அழுவாங்களா?" என்பார். அதுவும் சரிதானே என்று வாயை மூடிக்கொள்வேன். என்னைக் காப்பாற்றிய தழும்பை நானே வெறுக்கலாமா அம்மா? கை மட்டும் நாள் முழுக்க அங்கேயே போகிறது, மறுபடி கட்டி வருகிறதோ என்று.

ஆடியில் அழகர்கோவிலில் நாத்தனார் மகளுக்குக் காதுகுத்து. என் கணவர்தான் தாய்மாமன். "சீர்த்தட்டு தூக்கும்போது நீங்க பின்னாடி நின்னுக்கங்க அண்ணி, போட்டோவுல கழுத்து தெரியும்" என்கிறார் நாத்தனார். போகாமலே இருந்துவிடலாமா?

– பெயர் சொல்ல விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரி,

வெறுக்கலாம். பிழைத்த நிம்மதியும், உடம்பு பழையபடி இல்லையே என்ற வருத்தமும் ஒரே மனதில் இருக்கும். ஒன்று இருப்பதால் மற்றது பொய்யாகாது. உங்கள் கணவர் அன்பில்தான் அப்படிச் சொல்கிறார். ஆனால் அதைக் கேட்டதும் நீங்கள் அழுகையை விழுங்கிவிடுகிறீர்கள். "எனக்குப் பதில் வேண்டாம், கொஞ்ச நேரம் கேட்டுக்கிட்டு மட்டும் இருங்க" என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள்.

எனக்குத் தழும்பைவிட அந்த ரகசியம்தான் அதிகம் உறுத்துகிறது. வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசாத நோயை உங்கள் கழுத்து மட்டுமே வெளியில் காட்டிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் யார் சும்மா பார்த்தாலும் பிடிபட்டுவிட்டதுபோல் பதறுகிறீர்கள். முந்தானையால் மூடுவது பாதி தழும்பை, பாதி மாமியார் சொல்லக்கூடாது என்றதை.

முதலில் மகளிடம் உண்மையைச் சொல்லுங்கள். அந்த வயதுப் பெண், அம்மா ராத்திரியில் அழுவதைக் கவனிக்காமல் இருக்க மாட்டாள்; தெரியாமல் பயப்படுவது தெரிந்து பயப்படுவதைவிடக் கொடுமை. மாமியாரின் பயம் அவள் கல்யாணத்தைப் பற்றியது. தைராய்டு புற்றுநோயில் மிகப் பரவலான பாப்பிலரி வகை பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை. மெடுல்லரி என்ற அரிதான வகையில்தான் ஒரு பகுதி குடும்பவழி வருகிறது. உங்களுடையது எந்த வகை என்று பயாப்ஸி ரிப்போர்ட்டில் இருக்கும். டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு மாமியாரிடம் பேசினால், உங்கள் பேச்சுக்குப் பலம் இருக்கும்.

"தொங்குனியா" என்று கேட்ட அந்த அம்மாள்மேல் எனக்கும் கோபம் வருகிறது. அந்தக் கோடு அங்கே விழுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. கழுத்தின் இயல்பான மடிப்பை ஒட்டிக் கீறினால் நாளடைவில் மங்கிவிடும் என்றுதான் சர்ஜன்கள் அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஜாக்கெட்டில் தையலை எங்கே ஒளிப்பது என்று நீங்கள் பார்ப்பதுபோல. 19ஆம் நூற்றாண்டின் நடுவில்கூட இந்த ஆபரேஷனில் ரத்தப்போக்கிலும் சீழ்பிடித்தும் ஏராளமானோர் இறந்தார்கள். அதைப் பிழைக்கக்கூடிய ஆபரேஷனாக ஆக்கியவர்களில் முதன்மையானவர் சுவிட்சர்லாந்தின் தியோடர் கோக்கர். தைராய்டு பற்றிய பணிக்காகவே 1909இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இப்படி ஒரு தழும்போடு உயிருடன் நடமாடுவதே ஒரு காலத்தில் அபூர்வம்.

எல்லாருக்கும் எல்லாம் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. வாடிக்கையாளர் கேட்டால், "ஆபரேஷன் பண்ணுனதுக்கா, இப்ப நல்லாயிருக்கேன். கையைத் தூக்குங்க" என்று சொல்லி டேப்பைப் பிடியுங்கள். வீட்டில் மகளை எதிரில் நிறுத்தி வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். பழகாத வாக்கியம் அந்த நேரத்தில் வராது.

அடிக்கடி தொட்டுப் பார்ப்பதைப் பற்றி. ஆறிய தழும்பின் அடியில் திசு கெட்டியாகத்தான் இருக்கும். தொடத் தொட அதுவே கட்டிபோலத் தெரியும், பயம் கூடும். நோய் திரும்புகிறதா என்பதை, பெரும்பாலான வகைகளில், தைரோகுளோபுலின் என்ற ரத்தப் பரிசோதனையும் கழுத்து ஸ்கேனும் பார்த்துக்கொள்ளும். வீட்டில் எப்போது, எப்படித் தொட்டுப் பார்க்கலாம் என்று டாக்டரிடமே கேட்டு, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். புற்றுநோய்க்குப் பிறகு சிலருக்கு தைராக்ஸின், அதாவது காலையில் போடும் அந்த தைராய்டு மாத்திரையின், அளவைச் சற்றுக் கூட்டியே கொடுப்பார்கள். கூடினால் படபடப்பு, தூக்கமின்மை, எரிச்சல். குறைந்தால் சோர்வு, எதிலும் பிடிப்பின்மை. மருந்து உடம்பில் சரியாகச் சேர, மாத்திரை போட்டு அரைமணி முதல் ஒருமணி நேரம் கழித்தே காபி குடிக்க வேண்டும், கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். எனவே எல்லாவற்றையும் மனதின்மேல் போடும் முன், மாத்திரை அளவு சரியா என்று காட்டும் டிஎஸ்ஹெச் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிடுங்கள். நீங்களாக அளவை மாற்றாதீர்கள்.

தழும்பு முற்றி மங்க ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். தடித்து, அரித்து, காயத்தின் எல்லையைத் தாண்டிப் பரவினால் அது கீலாய்டாக இருக்கலாம். மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில் காட்டுங்கள். ஊசி, சிலிகான் ஜெல் என்று வழிகள் உண்டு. அதை அழகு ஆசை என்று யாரும் சொல்ல விடாதீர்கள். தூக்கமின்மையும் அழுகையும் தொடர்ந்தால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

காதுகுத்துக்குப் போங்கள். தாய்மாமன் மடியில் பிள்ளை உட்காரும்போது சீர்த்தட்டோடு பக்கத்தில் நிற்க வேண்டியவர் நீங்கள்தான். கழுத்தை மூடுவதா வேண்டாமா என்பதை அன்று காலை புடவை கட்டும்போது நீங்களே முடிவு செய்யுங்கள், எதுவானாலும் சரி. ஆனால் பின்னால் நிற்கச் சொன்னதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் உங்கள் கணவர். "என் பொண்டாட்டி என் பக்கத்துலதான் நிப்பா" என்று அவர் தன் தங்கையிடம் சொல்லட்டும். ஆடி பிறக்கும் முன்பே அவரிடம் இதைக் கேளுங்கள்.