விடைத்தாளைப் போய்ப் பாருங்கள்

அன்புள்ள சார்,

வணக்கம். கரூர் பக்கம் சொந்த ஊர். போன அக்டோபரில் மாஸ்டர்ஸ் படிக்க ஜெர்மனி வந்தேன். மெக்கானிக்கல். ஊரில் படித்தபோது ஒரு அரியர்கூட வைத்ததில்லை. இங்கே முதல் செமஸ்டரில் நான்கு தேர்வு எழுதி இரண்டில் ஃபெயில். ஒன்றில் 4.0, அதாவது தட்டுத்தடுமாறிப் பாஸ். வாரத்தில் மூன்று இரவு ஒரு பார்சல் கிடங்கில் வேலை பார்க்கிறேன். அறையில் மூன்று தமிழ்ப் பசங்க, நல்லவர்கள். ஆனால் இங்கே யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை சார். டிசம்பரில் ஒரு மாதம் கிளாஸுக்கே போகவில்லை. நாலு மணிக்கே இருட்டிவிடும், எழுந்திருக்கவே மனசு வராது. ஏன் வரவில்லை என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. புரொஃபசருக்கு என் பெயர்கூடத் தெரியாது. அப்பா வீட்டுப் பத்திரத்தை வைத்து லோன் வாங்கி அனுப்பியிருக்கிறார். வீட்டில் 'நல்லா போகுது' என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். பேசாமல் திரும்பி வந்துவிடலாமா என்று தோன்றுகிறது. நீங்கள் இங்கே இருந்தவர் என்பதால் எழுதுகிறேன். என் பெயர் வேண்டாம்.

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

திரும்பி வருவதா வேண்டாமா என்று இப்போது முடிவெடுக்க வேண்டாம். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஃபெயிலான இரண்டு பாடத்தின் விடைத்தாளையும் போய்ப் பார்த்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பார்க்கவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

அங்கே அதற்கு ஐன்ஸிஷ்ட் என்று பெயர். ரிசல்ட் வந்த பிறகு, பாடத்தை நடத்திய துறை ஒரு தேதியும் நேரமும் அறிவிக்கும். பெரும்பாலும் மூடில் (Moodle) என்கிற பாட இணையதளத்தில் ஒரு மூலையில் போட்டிருப்பார்கள். அந்த நேரத்தில் போனால் திருத்திய விடைத்தாளை உங்கள் கையில் கொடுப்பார்கள். திருத்தியவரோ அவருடைய சக ஆராய்ச்சி மாணவரோ அங்கேயே இருப்பார். எங்கே மார்க் போனது, ஏன் போனது என்று கேட்கலாம். கூட்டல் தவறியிருந்தால் காட்டலாம். நம் ஊரில் போட்டோகாப்பிக்கு ஒரு பணம், ரீவேல்யுவேஷனுக்கு ஒரு பணம் என்று கட்டிவிட்டு, திருத்தியவர் யார் என்றே தெரியாமல் காத்திருப்போம். அங்கே அது மாணவனின் உரிமை. தேர்வு விதிமுறையிலேயே எழுதி வைத்திருப்பார்கள்.

ஆராய்ச்சி மாணவனாக இருந்த காலத்தில் விடைத்தாள் திருத்துவதும், ஐன்ஸிஷ்ட் அன்று மேஜைக்கு இந்தப் பக்கம் உட்காருவதும் என் வேலையில் ஒரு பகுதி. ஜெர்மன் மாணவர்கள் வருவார்கள். நல்ல மார்க் வாங்கியவன்கூட வந்து 'இந்த வரிக்கு ஏன் இரண்டு பாயிண்ட் போச்சு' என்று கேட்பான். நம்மவர்கள் பெரும்பாலும் வரவே மாட்டார்கள். வந்தவர்களிலும் சிலர் விடைத்தாளைத் திறக்காமலே வீட்டு நிலைமையைச் சொல்ல ஆரம்பிப்பார்கள். கேட்கக் கஷ்டமாக இருக்கும். ஆனால் அதை வைத்து மார்க் போட முடியாது, போடவும் கூடாது.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண் நன்றாக நினைவில் இருக்கிறார். குட்டையான, தடித்த உத்தரம் ஒன்றின் படம் கொடுத்து, உத்தரம் எவ்வளவு வளையும் என்று கணக்கிடும் ஆய்லர்-பெர்னூலி கோட்பாடு இதற்குப் பொருந்துமா, காரணம் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தோம். அவர் அந்தக் கோட்பாட்டின் டெரிவேஷனை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை இரண்டு பக்கத்துக்கு, ஒரு குறி பிசகாமல், அடிக்கோடெல்லாம் போட்டு எழுதியிருந்தார். பொருந்துமா என்பதற்குப் பதிலே இல்லை. உத்தரம் நீளமாகவும் மெல்லியதாகவும் இருந்தால் வெட்டு விசையால் வரும் உருக்குலைவைக் கணக்கில் எடுக்காமல் விடலாம். குட்டையாகத் தடித்திருந்தால் விட முடியாது, விட்டால் வளைவு உண்மையைவிடக் குறைவாகத்தான் கணக்கில் வரும். இந்த இரண்டு வரி போதும், முழு மார்க். அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாகத் தமிழில், "அப்போ இந்த ரெண்டு பக்கமும் வேஸ்ட்டா சார்?" என்று கேட்டார். வேஸ்ட் இல்லை, அது தெரிந்ததால்தான் இந்த இரண்டு வரி புரிகிறது என்றேன். பிறகு ஒவ்வொரு கேள்வியாக எடுத்து, இங்கே உண்மையில் என்ன கேட்டிருக்கிறார்கள் என்று அவரே சொல்லிப் பார்த்தார். அடுத்த முறை 2.3 வாங்கினார். அங்கே எண் குறையக் குறைய மார்க் நல்லது, 1.0 தான் உச்சம். நடுவில் அவர் அறிவு ஒன்றும் கூடிவிடவில்லை.

உங்களுக்கும் இதேதான் நடந்தது என்று சொல்லவில்லை. என்ன நடந்தது என்று உங்களுக்கே இன்னும் தெரியாது என்பதைத்தான் சொல்கிறேன். டூ மார்க், தர்ட்டீன் மார்க், கொஸ்டின் பேங்க், அட்டெண்டன்ஸ், இன்டர்னல் என்று நான்கு வருடம் பழகியவர் நீங்கள். இன்டர்னலின் நாற்பது மார்க்கைக் கையில் வைத்துக்கொண்டுதான் செமஸ்டர் தேர்வுக்கே போவோம். வகுப்புக்கு வராவிட்டால் ஹெச்.ஓ.டி. வீட்டுக்கே போன் போடுவார். அங்கே பெரும்பாலான பாடங்களில் ஒரே ஒரு தேர்வு, அதுதான் மொத்த மார்க்கும். போகவில்லை என்றால் கேட்க ஆள் இல்லை.

'யாரும் எதுவும் கேட்பதில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான், கடைசி வரை கேட்க மாட்டார்கள். அவர்கள் கண்ணில் நீங்கள் பெரிய மனிதர். வருவதும் வராததும் உங்கள் பாடு. ஆனால் நீங்கள் போய்க் கேட்டால், கேட்டதைக் கொடுக்க வேண்டும் என்று விதியே போட்டு வைத்திருக்கிறார்கள். பேராசிரியர் மாணவர்களைச் சந்திக்க என்று ஒதுக்கிய நேரம் உண்டு. பயிற்சி வகுப்பு நடத்தும் டியூட்டர் பெரும்பாலும் உங்களைவிட இரண்டு செமஸ்டர் மூத்த மாணவர். ஃபாக்ஷாஃப்ட் என்கிற மாணவர் அமைப்பில் பழைய கேள்வித்தாள்களைச் சேர்த்து வைத்திருப்பார்கள். முதல் செமஸ்டரில் அந்தக் கதவைத் தட்டினீர்களா? பழைய தாள்களைப் பார்த்தாலே, டெரிவேஷனை அப்படியே எழுதச் சொல்லும் கேள்வி எவ்வளவு குறைவு என்று தெரிந்துவிடும்.

இரவு வேலை. இதில் எனக்குக் கொஞ்சம் கடுமையான கருத்து உண்டு. அங்கே ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேர உழைப்பு வரை. செமஸ்டருக்கு 30 கிரெடிட். அப்படியானால் 900 மணி நேரம். ஆறு மாதத்துக்குப் பிரித்துப் பாருங்கள், விடுமுறையே எடுக்காமல் வாரத்துக்குச் சுமார் 35 மணி நேரம் வரும். அதில் வகுப்பில் உட்காருவது பாதிக்கும் குறைவு. மீதி முழுவதும் நீங்கள் தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டியது. டைம்டேபிளில் காலியாகத் தெரிகிற நேரமெல்லாம் உண்மையில் காலி நேரம் இல்லை. அதில்தான் இந்த ஐந்நூறு அறுநூறு மணி நேரம் ஒளிந்திருக்கிறது. அதன் தலைமேல் மூன்று இரவு பெட்டி தூக்கினால், மறுநாள் பகலும் போகும். உங்கள் நான்கு பாடத்தில் இரண்டு போனதற்கு இந்தக் கணக்கே பாதிக் காரணமாக இருக்கலாம்.

பணம் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். 'ஜெர்மனியில ஃபீஸே கிடையாது' என்று சொல்லி அனுப்புகிற கன்சல்டன்சிக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பது சரி. அதிலும் பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலம் 2017 முதல் நம்மைப் போன்ற வெளிநாட்டவரிடம் செமஸ்டருக்கு 1500 யூரோ வாங்குகிறது. ஆனால் சாப்பிடவும் வாடகைக்கும் இன்ஷூரன்ஸுக்கும் யார் கொடுப்பது? விசாவுக்காக, மாதாமாதம் மட்டுமே எடுக்க முடிகிற பிளாக்ட் அக்கவுண்டில் போடச் சொல்லும் 11,904 யூரோ, மாதம் 992 வீதம் ஒரு வருடத்துக்குத்தான் வரும். இரண்டாம் வருடத்தைப் பற்றி இங்கே யாரும் வாய் திறப்பதில்லை. பையன்கள் வந்து இறங்கிய மாதமே கிடங்கைத் தேடி ஓடுவது அதனால்தான்.

உங்களுக்கு முதல் வருடப் பணம் இன்னும் ஆறு மாதம் வரும் என்று நினைக்கிறேன். அதுவரை கிடங்கை விடுங்கள், அல்லது வாரத்துக்கு ஒரு நாள், அதுவும் பகல் ஷிஃப்ட் என்று குறையுங்கள். பல்கலைக்கழகத்துக்குள்ளேயே ஹீவி என்று மாணவர் உதவியாளர் வேலை உண்டு. ஆய்வகத்தில் அளவெடுப்பது, சிமுலேஷன் ஓட்டுவது, டேட்டா அடுக்குவது. உங்களைப் போன்ற வெளிநாட்டு மாணவருக்கு வருடத்துக்கு 140 முழு நாள் என்று வைத்திருக்கும் வேலை வரம்பில் அது சேராது. சம்பளம் பெரிதாக இருக்காது. ஆனால் உங்கள் பெயர் தெரிந்த நான்கு பேர் அந்தத் துறையில் இருப்பார்கள். பிறகு தீஸிஸுக்கு இடம் தேடும்போது அது உதவும். 4.0 வாங்கியவனை எடுப்பார்களா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளாதீர்கள், போய்க் கேளுங்கள்.

நம் ஊர் அரியர் கணக்கை அங்கே போடாதீர்கள், இது முக்கியம். இங்கே கடைசி செமஸ்டரில் மொத்தமாக கிளியர் பண்ணிக்கொள்ளலாம். அங்கே பெரும்பாலான இடங்களில் ஒரு பாடத்துக்கு மூன்று வாய்ப்புதான். மூன்றாவதும் போனால் அந்தப் படிப்பிலிருந்தே நீக்கிவிடுவார்கள், பிறகு வேறு பல்கலைக்கழகத்தில் அதே படிப்பில் சேருவதும் நடக்காது. உங்களுக்கு இரண்டு பாடத்திலும் ஒவ்வொரு வாய்ப்பு போயிருக்கிறது. சில இடங்களில் அடுத்த தேர்வுக்கு அவர்களே உங்கள் பெயரைப் பதிந்துவிடுவார்கள், சில இடங்களில் நீங்கள்தான் பதிய வேண்டும். பெயரைத் திரும்பப் பெறவும் கடைசித் தேதி உண்டு. உங்கள் படிப்பின் தேர்வு விதிமுறையை இந்த வாரமே எடுத்து, மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டாவது, முழுக்கப் படித்துவிடுங்கள். தயாராகாமல் இரண்டாவது வாய்ப்பை எரித்துவிடாதீர்கள். நான்கு செமஸ்டர் படிப்பை ஐந்திலோ ஆறிலோ முடிப்பது ஜெர்மன் மாணவர்களிடையே சர்வ சாதாரணம். படிப்பு முடிந்தபின் வேலை தேட 18 மாதம் தங்க அனுமதி உண்டு. ஒரு செமஸ்டர் கூடினால் குடி ஒன்றும் முழுகிவிடாது.

அப்புறம், டிசம்பர். எழுந்திருக்கவே மனசு வரவில்லை என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். ஒரு மாதம் அப்படி இருந்திருந்தால் அதைச் சோம்பல் என்று தள்ள மாட்டேன். மென்ஸா என்கிற மாணவர் உணவகமும் விடுதியும் நடத்துகிற அதே மாணவர் சேவை அமைப்பு மனநல ஆலோசனையும் வைத்திருக்கிறது. பேசியது வெளியே போகாது, பல ஊர்களில் ஆங்கிலத்திலும் பேசலாம். இப்போது வெளிச்சம் வந்துவிட்டது, சரியாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். அடுத்த நவம்பர் மறுபடியும் வரும். அதற்கு முன்னால் ஒருமுறை போய்ப் பேசிவிடுங்கள்.

ஜெர்மன் படிக்கிறீர்களா என்று எழுதவில்லை. பாடம் ஆங்கிலத்தில் என்பதால் தள்ளிப்போட்டிருப்பீர்கள். மெக்கானிக்கலுக்கு வேலை தரும் நடுத்தரக் கம்பெனிகள் நிறைய சின்ன ஊர்களில் இருக்கின்றன, அங்கே தொழிற்கூடத்தில் ஆங்கிலம் செல்லாது. பல்கலைக்கழக மொழி மையத்தில் இந்த செமஸ்டரே சேருங்கள். நேரம் கிடைத்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹாலே ஊருக்குப் போய் ஃப்ராங்க்கெ அறநிலையத்தைப் பாருங்கள். 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்க் அந்த ஊரில் படித்தவர். நம் தமிழ் ஓலைச்சுவடிகள் இன்றும் அங்கே இருக்கின்றன. வரும்போது அவருக்கு ஏறக்குறைய இருபத்து நான்கு வயது, ஒரு சொல் தமிழ் தெரியாது. பள்ளிக்கூடத்துச் சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் எழுதிப் படித்தார். கூச்சம் பார்த்திருந்தால் அது நடந்திருக்காது. உங்கள் அறைத் தோழர்கள் நல்லவர்கள் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் நால்வரும் ரசம் வைத்துத் தமிழ் பேசிக்கொண்டே இரண்டு வருடத்தையும் ஓட்டிவிட முடியும் என்பதுதான் என் கவலை.

வீட்டுக்குச் சொல்லுங்கள். ஐன்ஸிஷ்ட் முடிந்த அன்று சாயங்காலம் சொல்வது நல்லது. வெறும் 'ஃபெயில்' என்று சொன்னால் அப்பாவால் என்ன செய்ய முடியும், பயப்படத்தான் முடியும். ரெண்டு போயிருக்கு, இதனால போயிருக்கு, மறுபடி இந்த மாசம் எழுதுறேன், ஒரு செமஸ்டர் கூடலாம், லோன் ஆபீசர்கிட்ட இதைச் சொல்லி வையுங்க என்று சொன்னால் அவரும் உங்களோடு சேர்ந்து யோசிப்பார். பத்திரத்தை வைத்தவருக்கு இது தெரிந்தாக வேண்டும்.

அந்த இரண்டு தேர்வையும் மறுபடி எழுதி முடித்த பிறகும் திரும்பி வரத் தோன்றினால் வாருங்கள், தவறே இல்லை. அப்போது அது தெரிந்து எடுத்த முடிவாக இருக்கும்.

நாளைக் காலை இரண்டு துறைக்கும் மெயில் அனுப்புங்கள். பெயர், மெட்ரிகுலேஷன் நம்பர் (உங்கள் மாணவர் பதிவு எண்), எந்தப் பாடம், தேர்வு நடந்த தேதி, விடைத்தாளைப் பார்க்க விரும்புகிறேன், நேரம் சொல்லவும். அவ்வளவு போதும். கெஞ்ச வேண்டாம், காரணம் எழுத வேண்டாம். தேதி தாண்டியிருந்தாலும் கேளுங்கள், தனியாக நேரம் கொடுக்கிறவர்கள் உண்டு. போகும்போது ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுபோய், எந்தக் கேள்வியில் எத்தனை பாயிண்ட், ஏன் போனது என்று அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். படம் எடுக்க விடுவார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள், பல இடங்களில் விட மாட்டார்கள்.

அந்தக் குறிப்பை எனக்கு அனுப்புங்கள். இயக்கவியல், பொருள் வலிமை சம்பந்தப்பட்ட பாடமாக இருந்தால் நானே பார்த்து எழுதுகிறேன். கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் மாதிரி வேறு ஏதாவது என்றால், அதில் தெரிந்தவர்களைக் கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்.